பூநாரைக் கூடத்தைப் பாதத்திலிருந்து தொடங்கு

சேலையூர், சென்னை

அன்புள்ள முருகேசனுக்கு,

நலம். வீட்டில் எல்லோரும் நலமா? மகளுக்கு வேலை கிடைத்ததாக எழுதியிருந்தாய், மிகுந்த சந்தோஷம். இங்கே வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. பள்ளிக்கரணைச் சதுப்பில் தண்ணீர் வற்ற வற்றப் பறவைகள் மிச்சமிருக்கும் ஆழமற்ற இடத்துக்கு ஒதுங்குகின்றன.

பூநாரைகளை வளர்க்க நீ கட்டப்போகும் கூடத்துக்காக அனுப்பிய வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பார்வையாளர் மேடையும் நீரூற்றும் நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் பூநாரைக்குக் கூடம் கட்டும்போது கோடு போட வேண்டிய முதல் இடம் பறவையின் உள்ளங்கால். அதைச் சரியாகப் பிடித்துவிட்டால் குளம், தீவு, வேலி எல்லாம் அதற்கேற்ப அமையும்.

பெரும் பூநாரை 2 முதல் 4 கிலோ எடை இருக்கும். தூங்கும்போதும் நின்றுகொண்டே தூங்கும், பெரும்பாலும் ஒற்றைக் காலில். காட்டில் அந்த எடை சேற்றிலும் தண்ணீரிலும் பரவிவிடுகிறது. சிமெண்டுத் தரையில் அத்தனையும் மெல்லிய தோலின் மேல் விழுகிறது. தோல் முதலில் தடித்து, பிறகு வெடித்து, முடிச்சு முடிச்சாகப் புடைக்கும். வெடிப்பு வழியாகக் கிருமி நுழைந்தால் சீழ் பிடித்துப் பறவை நொண்டும். கூண்டில் வளரும் பூநாரைகளிடம் உலகம் முழுக்க அதிகம் காணும் கோளாறு இதுதான். புண் வந்த பிறகு ஆற்றுவது பெரும்பாடு, அதனால் தரையிலேயே தடுத்துவிட வேண்டும்.

உன் படத்தில் குளத்தின் அடி சிமெண்டுப் பூச்சு. அதை எடுத்துவிடு. மண்ணை வெட்டி, கல் பொறுக்கி, இறுக்கி, மேலே நீர் கசியாத 1 மி.மீ. எச்டிபிஈ பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் ஜியோடெக்ஸ்டைல் என்னும் செயற்கை இழைத் துணி, அதன்மேல் 25 முதல் 30 செ.மீ. மணல் என்று போடு. மணலில் கவனம் வேண்டும். எம்-சாண்ட் வேண்டவே வேண்டாம். பாறையை உடைத்துச் செய்வதால் அதன் ஒவ்வொரு துகளுக்கும் கூர்முனை உண்டு, ஈரத் தோலை அராவிவிடும். ஆற்று மணல் விலை அதிகம் என்பாய், தெரியும். என்றாலும் இந்த ஒரு செலவில் கை வைக்காதே. 2 மி.மீ. சல்லடையில் சலித்துக் கழுவிய உருண்டை மணலாக இருக்கட்டும். கரையிலும் 15 செ.மீ. மணலும் புல்லும் மாறி மாறி வரட்டும். பறவைகள் மிதித்து மிதித்து மணல் ஆழத்துக்குச் சரிந்துவிடும், ஆகவே வருடம் ஒருமுறை கரையோரம் நிரப்ப வேண்டியிருக்கும்.

குளத்தின் சரிவு 12க்கு 1. அதாவது 60 செ.மீ. ஆழம் போக 7 மீட்டருக்கு மேல் ஓட்டம் வேண்டும். பாதிக்கு மேற்பட்ட பரப்பு 15 முதல் 30 செ.மீ. ஆழத்தில் இருக்கட்டும், அங்கேதான் நிற்கும், மேயும். ஒரு பக்கம் மட்டும் 60, 70 செ.மீ. இறக்கு, நீந்தவும் முங்கிக் குளிக்கவும். விளிம்பில் எங்கும் செங்குத்துச் சுவர் கூடாது. தண்ணீரில் விழுந்த குஞ்சுக்கு ஏற வழியில்லாவிட்டால் களைத்து மூழ்கிவிடும்.

400 சதுர மீட்டர் குளம், சராசரி 30 செ.மீ. என்றால் 1,20,000 லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் லாரியில் பத்து நடை. அதைவிட முக்கியமானது தினசரி ஆவியாவது. கோடையில் நாளுக்கு 6 மி.மீ. என்று வைத்தாலும் 2,400 லிட்டர் போய்விடும். ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். பூநாரை உப்பைத் தாங்கும். குழாயும் பம்பும் தாங்காது. எனவே வாரம் ஒருமுறை அடிவடிகாலைத் திறந்து கொஞ்சம் வெளியேற்று, அந்த நீர் மரங்களுக்குப் போகட்டும். பம்பு மணிக்கு 15,000 முதல் 20,000 லிட்டர் இழுத்தால் ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் குளம் ஒரு சுற்று சுற்றிவிடும். பூநாரை காலால் துழாவித் துழாவி மேயும், நீர் எப்போதும் கலங்கித்தான் இருக்கும். நேராக மணல் வடிகட்டிக்கு அனுப்பினால் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். முதலில் படிவுத் தொட்டி, அடுத்து நாணல் வளர்ந்த சரளைப் படுகை, பிறகு குளம் என்று வை. உறிஞ்சு வாயை வலையிட்ட தனி அறைக்குள் ஒதுக்கு.

தேங்கிய மூலை ஒன்றுகூட விடாதே. மே மாத வெயிலில் பிராணவாயு குறைந்த சேற்றில், அழுகும் பொருளில், போட்டுலிசம் நஞ்சு உண்டாகும். கால் தளர்ந்து, கழுத்து தொங்கிப் பறவைகள் வரிசையாகச் சாயும். செத்த மீனோ பறவையோ கண்ணில் பட்டால் அந்த நிமிடமே அகற்றியாக வேண்டும்.

இனப்பெருக்கத் தீவை ஒரு மூலையில் சிறு வட்டமாகக் குறித்திருக்கிறாய். அது 5 மீட்டருக்கு 6 மீட்டராவது வேண்டும், சுற்றிலும் 2 மீட்டருக்குக் குறையாமல் தண்ணீர். கூடுகள் 60 முதல் 80 செ.மீ. இடைவெளியில் அமைந்தால்தான் பக்கத்துப் பறவையின் அலகுக்கு எட்டாது. இரண்டு பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு மணல் கலந்து, கொழுக்கட்டை மாவுப் பதத்தில் வைத்திரு. பறவை அலகால் இழுத்து இழுத்துத்தான் மேடு எழுப்பும், மண் காய்ந்தால் வேலையை விட்டுவிடும். சொட்டுநீர்க் குழாய் ஒன்றைத் தீவைச் சுற்றி ஓட்டு. முதல் வருடம் ஆட்களைக் கொண்டே பத்துப் பன்னிரண்டு மாதிரி மேடுகள் கட்டு: அடியில் 45 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம், உச்சியில் முட்டை உருளாத அளவுக்குக் குழிவு. ஒரு கூட்டுக்கு ஒரே முட்டை. 27 முதல் 31 நாள் வரை ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும்.

நம் ஊர் ஐப்பசி கார்த்திகை மழை பறவைகளை இனப்பெருக்கத்துக்குத் தூண்டும், அதே மழை கூட்டையும் அடித்துப் போகும். ஒரே நாளில் 100 மி.மீ. பெய்தால் குளத்தின் மேல் மட்டும் 40,000 லிட்டர் இறங்கும். ஆகவே வழிந்தோடியின் மட்டத்தை முதலில் நிர்ணயித்து, தீவின் மேற்பரப்பை அதைவிட 30 செ.மீ. உயர்த்து. சுற்றுப்புற மழைநீர் குளத்துக்குள் வராதபடி வெளியே தனி வாய்க்கால் வேண்டும்.

பன்னிரண்டு பறவை என்று எழுதியிருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. பூநாரைக்குக் கூட்டம்தான் உயிர். தலையை ஆட்டி, சிறகை விரித்து, சேர்ந்து நடைபோட்ட பிறகுதான் ஜோடி சேரும். இருபதுக்குக் கீழே அந்தச் சூடே பிடிக்காது. நாற்பது இருந்தால் நிம்மதி. சிறிய கூட்டங்களுக்கு, கூட்டம் பெரிதாகத் தெரிய, முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார்கள், கூட்டு நடனம் கூடுகிறது. அதைத் தற்காலிக உதவியாக வைத்துக்கொள்ளலாம், பறவைக்கு ஈடாகாது. ஆண் பெண் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் மரபணுச் சோதனை செய்து சரிபாதியாக எடு.

அடுத்தது சிறகு. சிறகின் நுனி எலும்பை வெட்டித் திறந்த குளத்தில் விடும் பழைய வழக்கம் வேண்டாம். அது திரும்ப முடியாத ஊனம். இணையும்போது ஆண் சிறகால்தான் சமநிலை பிடிக்கிறது, அது போனால் முட்டை கருவுறுவதும் குறையும். வலைக் கூரை போடு, 6 மீட்டர் உயரம். காக்கை, நரி, நாய் தொல்லையும் காட்டுக் கொக்குகள் கொண்டுவரும் நோயும் அதோடு குறையும். சென்னைக்கு வடிவமைப்புக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், தூண்களை அதற்குக் கணக்கிடு. 2016 டிசம்பரில் வர்தா புயல் வண்டலூர்ப் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. விழுந்தால் வலையை எட்டும் தூரத்தில் பெரிய மரம் எதுவும் இருக்கலாகாது. கீழே கீரியும் பெருச்சாளியும் தோண்டாமலிருக்க 12 மி.மீ. கண் உள்ள கம்பி வலையை 60 செ.மீ. புதைத்து, அடியில் வெளிப்புறமாக 30 செ.மீ. மடக்கு. மூலைகளை வளைவாக்கு, மிரண்டால் கூட்டம் மூலையில்தான் குவியும், கால் முறியும். பறக்க எழுவதற்கு ஓட வேண்டுமே, 30 மீட்டராவது தடையில்லாத நீளம் கொடு.

உணவு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கரோட்டினாய்டு என்னும் நிறமி சேர்ந்த தீவனம் இல்லாவிட்டால் நிறம் வெளுத்துவிடும் என்பது உனக்குத் தெரியும். தொட்டியைக் கரையில் வைக்காமல் முழங்கால் தண்ணீரில் பல இடங்களில் வை, சண்டை குறையும். ஊறிய தீவனம் நம் வெயிலில் இரண்டு மூன்று மணியில் புளித்துவிடும். இவை இரவிலும் நன்றாக மேயும், ஆதலால் பெரிய பங்கை அந்தியில் போடச் சொல். இரவு விளக்கு வேண்டாம்.

உன் பார்வையாளர் மேடையைத் தரைமட்டத்துக்கு இறக்கு. தலைக்கு மேலே ஆள் நடமாடினால் பறவை மிரளும். சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மக்களுக்குத் திறக்காதே, மீதியில் கோரையும் வேலிச்செடியும் இருக்கட்டும். நீரூற்றை எடுத்துவிட்டு, அந்தப் பணத்தை மணலுக்கு மாற்று.

பறவைகளைச் சனவரியில் கொண்டுவா, மே வேண்டாம். விடிவதற்குள் பிடித்து, நிற்கும் உயரமுள்ள பெட்டியில் ஏற்று. வெயிலில் துரத்திப் பிடித்தால் தசை சிதைந்து, வந்த இரண்டாம் நாளே எழுந்து நிற்காது. அதற்கு முன் குளத்தை ஒரு மாதம் ஓட்டிப் பார். மணல் எங்கே சரிகிறது, நீர் எங்கே தேங்குகிறது என்று எழுது. கிணற்று நீர்ப் பரிசோதனை அறிக்கையும் மணல் மாதிரியும் அனுப்பி வை, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
பாலு