பைன் காட்டிலிருந்து நைனாவுக்கு

குவோப்பியோ, ஃபின்லாந்து

நைனா,

நல்லா இருக்கேன். குளிரைப் பத்தி அம்மா கவலைப்பட வேணாம், இது ஜூலை. ராத்திரி பத்து மணிக்கும் வெயிலு. ஜன்னல்ல போர்வையைக் கட்டித்தான் தூங்கறேன்.

"அங்க இன்னாதான் வேலை பண்ற?"ன்னு கேட்டியே, போன்ல சொன்னா உனக்குப் புரியாது, எனக்கும் சொல்ல வராது. அதான் எழுதறேன்.

காசிமேட்டுல போட்டுக்கு பெயின்ட் அடிச்சுட்டு டர்பன்டைன்ல கை தொடைப்பியே, அந்த வாசனைதான் இங்க காடு முழுக்க. பெட்ரோலியத்துல இருந்து எடுக்கற மினரல் டர்பன்டைன் இல்ல, பைன் மரத்து அசல் சரக்கு. அதுல முக்கியமானது பைனீன். கடையில விக்கிற கற்பூரம்கூட பெரும்பாலும் அதுல இருந்துதான் செய்யறாங்க. கற்பூர டப்பாவுல அம்மா மிளகு போட்டு வைக்கும், காத்துல போயிடக் கூடாதுன்னு. பைனீனும் அப்படித்தான், நிக்காம போற ஜாதி.

ஆனா காத்துல இருக்கிற ஓசோன்ங்கிற வாயு அதைப் புடிச்சா கதையே வேற. ஆக்சிஜன் ஏற ஏற கனமாகி, ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து துகளாயிடுது. தலைமுடி தடிமன்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் இருக்கும். காட்டு மேல நீலமா ஒரு மங்கல் தெரியுதே, அது செடிகொடி விடற ஆவியாலதான்னு ஃப்ரிட்ஸ் வென்ட்னு ஒருத்தர் 1960-லயே எழுதிட்டாரு.

அந்தத் துகள் திரும்ப ஆவியாக எவ்ளோ நேரம் ஆவுதுன்னு பாக்கறதுதான் என் பொழப்பு. ஒரே சைஸ் துகளாப் பிரிச்சு, சுத்தமான காத்து இருக்கிற எவர்சில்வர் டிரம்முல விடுவோம். அப்பப்ப எடுத்து, எவ்ளோ இளைச்சிருக்குன்னு அளப்போம். முதல்ல கடகடன்னு சுருங்கும். அப்புறம் நகரவே நகராது. மறுநாள் பாத்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். தண்ணி சொட்டு மாதிரி சீக்கிரம் காஞ்சிடும்னுதான் ரொம்ப நாள் கணக்குப் போட்டிருந்தாங்க. 2010-ல இந்த நாட்டுக் காட்டுத் துகளைத் தட்டு மேல மோத விட்டா, ஒட்டாம எகிறிக் குதிச்சுது. அப்பதான் தெரிஞ்சுது, அது சொட்டே இல்ல, கெட்டின்னு.

கமர்கட் மாதிரி வெச்சுக்கோ. காஞ்சா கல்லு, ஈரம் பட்டா பிசுபிசுன்னு இளகிடும். டிரம்முல ஈரத்தை ஏத்தினா உள்ள இருக்கிறது மேல வந்து சீக்கிரமா ஆவியாவுது. நம்ம தண்டையார்பேட்டை கடல்காத்து ஈரத்துல இது கெட்டியா நிக்குமான்னு எனக்கு ஒரே யோசனை. ஆனா நம்ம பக்கம் லாரிப் புகையும் கரித்தூளும் கலந்து கெடக்கும், அது தனிப் பஞ்சாயத்து.

"வாசனையை அளக்கறதுக்கா சம்பளம்?"னு சிரிக்காத. இந்த மாதிரி துகள் மேலதான் மேகத்துச் சொட்டு உட்காருது. சீக்கிரமே ஆவியாகிப் போயிட்டா மேகத்தோட கணக்கே மாறிடும்.

பாப்பா ஃபீஸுக்கு துட்டு போட்டுட்டேன். முட்டி வலிக்கு டாக்டரைப் பாரு, நாளைக்கு நாளைக்குன்னு தள்ளாத. அம்மாவ நெத்திலிக் கருவாடு அனுப்ப வேணாம்னு சொல்லு.

உன் பையன்