மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதா

அன்புள்ள வரைபடக்காரனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது நாளிதழில் வரி விளம்பரத்தைக்கூட விடாமல் படிக்கிறாள். உன் பெண் கட்டடக்கலைப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள் என்று தாடிக்காரன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீயே சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு வருடமாக ஒரு வரியும் எழுதாதவன் நான், உன்னிடம் கோபித்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. குழந்தைக்கு என் ஆசிகளைச் சொல். உன் ஸ்கேலை மட்டும் அவளிடம் கொடுத்துவிடாதே. அது பட்ட பாடு எனக்குத் தெரியும்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை, எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் எங்கள் ஊர் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைவு பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. திருமண மண்டபத்துச் சுவரில் வரைபடத்தை ஒட்டியிருந்தார்கள். புறவழிச்சாலையின் கிழக்குப் பக்கம் முழுவதும் இன்று வயல். வரைபடத்தில் அது ஊதா. கிடங்குகள், லாரி நிறுத்துமிடம், சிறுதொழில் கூடங்கள். அதை ஒட்டி, நடுவில் ஒரு சாலையின் அகலம்கூட விடாமல், குடியிருப்புக்கான மஞ்சள். அந்த மஞ்சளுக்குள்தான் நான் வாரம் இரண்டு முறை போகும் காலனி இருக்கிறது. அங்கன்வாடியும் தொடக்கப் பள்ளியும் அதற்குள்தான்.

நான் எழுந்து, இந்த ஊதாவால் அங்கே இருக்கும் குழந்தைகளுக்கு என்ன ஆகும் என்று யாராவது பார்த்தீர்களா என்று கேட்டேன். மேடையில் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: “டாக்டர், இது நிலப் பயன்பாட்டு விஷயம். இதற்கும் உங்கள் துறைக்கும் என்ன சம்பந்தம்?” மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. அது நியாயமான சந்தேகம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் காலை அந்த அங்கன்வாடிக்குப் போனேன். ஆயாம்மா ஜன்னல் திட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஏழு மணிக்கே ஒருமுறை துடைத்துவிட்டாராம். பத்து மணிக்கு அந்த வெள்ளைத் துணி அடுப்பங்கரைப் பிடிதுணி மாதிரி கறுத்திருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தேன், மண்ணின் நறநறப்பு இல்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு மை போல அப்பிக்கொண்டது. இப்போது ஓடும் லாரிகளுக்கே இந்த நிலைமை. கிடங்குகள் வந்தால் என்ன ஆகும்?

புறநோயாளிப் பதிவேட்டை வீட்டுக்கு எடுத்து வந்து, மூச்சுத்திணறலுக்கு நெபுலைசர் வைக்க வந்த குழந்தைகளின் தெருக்களை ஊர் வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்தேன். புள்ளிகள் புறவழிச்சாலை ஓரமாகவே குவிந்தன. இதைச் சான்று என்று சொல்ல மாட்டேன். அந்தத் தெருக்காரர்களுக்கு என் சுகாதார நிலையம் பக்கம், அதனாலும் அதிகம் வந்திருக்கலாம். ஆனால் ஒருவர் உட்கார்ந்து முறையாக ஆராய இது போதுமான காரணம் இல்லையா?

அப்படி முறையாக ஆராய்வதற்கு ஒரு வழியே இருக்கிறது, சுகாதாரத் தாக்க மதிப்பீடு என்று. நான் கல்லூரியில் ஒரு பக்கத்தில் படித்துவிட்டு மறந்துபோனது. இந்த ஒரு வாரமாக இரவெல்லாம் அதைத்தான் படிக்கிறேன். 1999இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய மையம் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் ஒரு வரையறை கொடுத்தது. ஒரு கொள்கையோ திட்டமோ மக்களின் உடல்நலத்தை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே கணிப்பதோடு, அந்தப் பாதிப்பு மக்களுக்குள் எப்படிப் பங்கிடப்படும் என்றும் பார்க்க வேண்டும் என்கிறது. எனக்கு அந்த இரண்டாவது பாதிதான் பெரிதாகப் படுகிறது. கிடங்கு வந்தால் ஊருக்கு வேலை வரும், நான் மறுக்கவில்லை. வேலை யாருக்கு, இருமல் யாருக்கு?

சான் பிரான்சிஸ்கோவில் நடந்ததைக் கேள். மார்க்கெட் தெருவில் டிரினிட்டி பிளாசா என்ற பழைய குடியிருப்பு. வாடகைக் கட்டுப்பாடு உள்ள 360 வீடுகள். 2003இல் அதை இடித்துவிட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட விலை உயர்ந்த வீடுகள் கட்டத் திட்டம் வந்தது. நகரச் சுகாதாரத் துறையில் ராஜீவ் பாட்டியா என்ற மருத்துவரின் குழு, இத்தனை குடும்பங்களை வெளியேற்றுவதே ஓர் உடல்நலப் பாதிப்பு, அதைச் சுற்றுச்சூழல் ஆய்வில் சேர்த்தாக வேண்டும் என்று எழுதிக்கொடுத்தது. வீடு போனால் ஒரே அறையில் நெரிசல், வாடகைக்காகச் சாப்பாட்டைக் குறைப்பது, அக்கம்பக்கத்து உதவி அறுந்துபோவது, மனஅழுத்தம் என்று ஒவ்வொரு கண்ணியாகக் கோத்துக் காட்டினார்கள். திட்டமிடல் துறை அதை ஏற்றுக்கொண்டது. குடியிருப்போரும் விடாமல் போராடினார்கள். கடைசியில் அதே 360 வீடுகளை வாடகைக் கட்டுப்பாட்டோடு புதிதாகக் கட்டித்தர உரிமையாளர் ஒப்புக்கொண்டார். “உங்கள் துறைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்” என்ற கேள்விக்கு அந்த மருத்துவர்கள் கொடுத்த பதில் இது. செவ்வாய்க்கிழமை இது எனக்குத் தெரிந்திருக்கக் கூடாதா!

அதே கலிஃபோர்னியாவில், அதிவேகச் சாலையிலிருந்து 500 அடிக்குள், சில விலக்குகள் தவிர, புதுப் பள்ளிக்கூடம் கட்டக் கூடாது என்று 2003இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். எங்கள் அங்கன்வாடிக்கும் சாலைக்கும் நடுவே என் காலால் அறுபது தப்படி.

தாய்லாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. ரயோங் மாகாணத்தில் மாப் தா புட் என்ற தொழிற்பேட்டை, பெட்ரோகெமிக்கல் ஆலைகள் நிறைந்தது. வீடுகளுக்கும் பள்ளிக்கும் நெருக்கமாகவே அதை வளரவிட்டார்கள். பிறகு 2007 அரசியலமைப்பில், மக்களைக் கடுமையாகப் பாதிக்கக்கூடிய திட்டங்களுக்குச் சுகாதாரத் தாக்க மதிப்பீடும் கட்டாயம் என்று எழுதினார்கள். 2009 செப்டம்பரில் நீதிமன்றம் அதைக் காட்டி 76 திட்டங்களை நிறுத்திவைத்தது. டிசம்பரில் 11 விடுபட, 65 நின்றன. அடுத்த ஆண்டு பெரும்பாலானவற்றுக்குத் தடை நீங்கிவிட்டது, உண்மைதான். ஆனாலும் சுவாசிக்கிறவன் கேட்டால் நாடே நின்று பதில் சொல்ல வேண்டிய நிலை வந்ததே!

நம் நாட்டில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கு 2006 அறிவிக்கை இருக்கிறதே என்பாய். அதைத்தான் இரண்டு முறை படித்தேன். தனித்தனித் திட்டங்களைத்தான் அது கேள்வி கேட்கிறது, முழுமைத் திட்டத்தைக் கேட்பதில்லை. கட்டடம் என்றால் 20,000 சதுர மீட்டரைத் தொட்டால்தான் சுற்றுச்சூழல் அனுமதியே தேவை. கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பும் கிடையாது. அப்படியானால் எங்கள் கிழக்குப் பக்கத்தில் நாற்பது கிடங்குகள் அந்த அளவுக்குக் கீழே கீழே வந்தால், ஒன்றைக்கூட யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள். நாற்பதின் புகையையும் ஒரே குழந்தைதான் குடிக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க முடிகிற ஒரே தருணம், அந்த ஊதா நிறம் தீட்டப்படும் இப்போதுதான்.

நீ உடனே அட்லாண்டாவை இழுப்பாய். பழைய ரயில் பாதையை நடைபாதையும் பூங்காவுமாக மாற்றி நகரைச் சுற்றிக் கொண்டுவரும் 22 மைல் பெல்ட்லைன் பற்றி மொட்டைமாடியில் நீ விடிய விடியப் பேசியது காதிலேயே இருக்கிறது. அதற்கும் 2007இல் இந்த மதிப்பீடு செய்திருக்கிறார்கள், அது உனக்குத் தெரியுமா? ஆனால் அங்கே சுற்றிலும் வீட்டு விலை ஏறிக்கொண்டே போனது. 1999இல் மாணவனாக அந்த யோசனையை எழுதிய ரயன் கிராவலே, எளியவர்களுக்கு வீடு கிடைக்கப் போதுமான அக்கறை இல்லை என்று 2016இல் அதன் அறக்கட்டளைக் குழுவிலிருந்து விலகிவிட்டார். ஆகவே அறிக்கை எழுதினால் போதும் என்று நான் நம்பவில்லை. பின்னாலேயே போய் ஆண்டுக்கு ஆண்டு பார்க்க ஓர் ஆள் வேண்டும். இந்த ஊரில் அந்த ஆளாக நான் இருப்பேன், மாற்றல் வரும்வரை.

உன்னிடம் ஏன் இவ்வளவு கொட்டுகிறேன் தெரியுமா? உன் அப்பா காரியத்துக்கு வந்திருந்தபோது, எல்லோரும் தூங்கிய பிறகு, முதல் வேலையில் நீ வண்ணம் தீட்டிய அந்த ஊரைப் பற்றிச் சொன்னாய். “அங்கே பள்ளிக்கூடம் இருந்தது எனக்குத் தெரியாதுடா, என் தாளில் அது இல்லை” என்றாய். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை. இந்தப் பள்ளிக்கூடம் இருப்பது நம் இருவருக்கும் தெரியும்.

ஆட்சேபணை எழுதிக்கொடுக்க இந்த மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது. நோய்ப் பகுதியை நான் எழுதிவிடுவேன். இடைவெளி எத்தனை மீட்டர் கேட்பது, நடுவில் பசுமைப் பட்டை எங்கே வரும், லாரிகளை எந்தப் பாதையில் திருப்புவது என்பதெல்லாம் உன் மொழியில் இருந்தால்தான் அவர்கள் காதில் ஏறும். எதிர்ப்பாக மட்டும் இல்லாமல், மாற்று வரைபடம் ஒன்றும் கையில் இருக்க வேண்டும்.

வரும் சனிக்கிழமை இரவு பஸ் ஏறு. விடியற்காலையில் நிறுத்தத்தில் நிற்கிறேன். அம்மா உனக்காக அரிசி உப்புமா கிண்டுவாள், சாம்பார் வழக்கை அவளிடம் ஆரம்பிக்காதே. பத்து மணிக்குள் அங்கன்வாடிக்குப் போய்விட வேண்டும், ஆயாம்மா இரண்டாம் முறை துடைப்பதை நீ பார்க்க வேண்டும்.

அந்த ஸ்கேலையும் எடுத்து வா.

அன்புடன்,
உன் வைத்தியன்