வீட்டை விற்கும் முன் தபாலுக்கு வழி செய்யுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டை விற்றுவிட்டு ஆர்.வி. என்னும் வீடு போன்ற வண்டியிலேயே அமெரிக்காவைச் சுற்றி வரும் தம்பதிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நானும் என் கணவரும் அப்படி வாழ்கிறவர்கள்தான். டீசல் செலவு, கழிவுநீர்த் தொட்டி, சோலார் தகடு எல்லாவற்றையும் சரியாகவே எழுதியிருந்தார்கள். தபாலைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. அதைப் படித்துவிட்டு வீட்டை விலை பேச ஆரம்பித்த நம்மவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

"இந்தக் காலத்தில் தபாலில் என்ன வருகிறது, எல்லாம் இ-மெயிலில்தானே" என்று என் தங்கையே கேட்டாள். வருவது குறைவுதான். ஆனால் வருகிற அந்தச் சில உறைகளைத் தவறவிட முடியாது. புது வங்கி அட்டை, வண்டிப் பதிவைப் புதுப்பிக்கச் சொல்லும் கடிதம், ஜூரி பணிக்கான அழைப்பு, வருமான வரித் துறையின் நோட்டீஸ், மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டின் தகவல், வாக்குச்சீட்டு. வங்கி அட்டையும் வாக்குச்சீட்டும் வரும் உறைகளில் பெரும்பாலும், புது முகவரிக்கு அனுப்பாமல் அனுப்பியவருக்கே திரும்ப அனுப்பும்படி அச்சிட்டிருக்கும். ஆகவே பழைய வீட்டுத் தபாலைப் புது முகவரிக்குத் திருப்பிவிடச் சொல்லி மனுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. தற்காலிகமாகத் திருப்பிவிடும் அந்த ஏற்பாடும் அதிகம் போனால் ஓராண்டுக்குத்தான்.

எனவே எந்த மாநிலத்துக்காரராக இருக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஆண்டு முழுவதும் வண்டியிலேயே வாழும் 'ஃபுல்டைமர்'களில் பலரும் டெக்சாஸ், தெற்கு டகோட்டா, புளோரிடா மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்றிலும் மாநில வருமான வரி கிடையாது. நம் போன்றவர்களின் தபாலை வாங்கி வைத்து, நாம் சொல்லும் ஊருக்கு அனுப்பிவைக்கும் நிறுவனங்களும் அங்கே நிறைய. ஜோ, கே பீட்டர்சன் தம்பதி 1978இல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் என்ற ஆர்.வி.காரர்கள் சங்கம் டெக்சாஸின் லிவிங்ஸ்டனில் இதைப் பெரிய அளவில் செய்கிறது. தெரு முகவரியோடு நமக்கென ஓர் எண்ணும் கிடைக்கும். நம் பெயருக்கு வரும் தபாலை அவர்கள் வாங்கிக்கொள்ள, 1583 என்ற அஞ்சல் துறைப் படிவத்தை நிரப்பி, இரண்டு அடையாளச் சான்றுகளைக் காட்டி, நோட்டரி முன்னோ அந்த நிறுவனத்தார் முன்னோ கையெழுத்திட வேண்டும். உறையைப் பிரித்து ஸ்கேன் செய்து அனுப்பும் வசதி தரும் நிறுவனங்களும் உண்டு. மாதாமாதம் பணம் கட்டினாலும் இது வீண்செலவே அல்ல.

இதிலும் சிக்கல் உண்டு. பயங்கரவாதத்தைத் தடுக்க வந்த 2001இன் பேட்ரியட் சட்டத்துக்குப் பிறகு வங்கிகள் வாடிக்கையாளர் குடியிருக்கும் முகவரியைக் கேட்டு வாங்குகின்றன. தபால் நிறுவனத்தின் முகவரியைக் கொடுத்தால், அது வீடல்ல என்று வங்கியின் கணினியே கண்டுபிடித்துவிடும். வங்கியோடு பேசித் தீர்ப்பதை வீட்டுச் சாவி கையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். அதேபோல் மெடிகேருக்காகத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்கள் நாம் வசிக்கும் கவுண்டியோடு, அதாவது மாவட்டத்தோடு, கட்டப்பட்டவை. தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் அந்தப் பகுதியில் இல்லாவிட்டால் பொதுவாகத் திட்டத்திலிருந்தே நம்மை நீக்கிவிடுவார்கள். தெற்கு டகோட்டாவில் ஓர் இரவு தங்கிய ரசீதைக் காட்டி ஓட்டுநர் உரிமம் எடுத்தவர்கள் அங்கேயே ஓட்டும் போட்டுவந்தார்கள். 2023இல் சட்டம் மாறியது. வாக்காளராகப் பதிய 30 நாள் அங்கே வசித்திருக்க வேண்டும் என்றானது. வரி கட்டி, வண்டியைப் பதிந்து, அந்த மாநிலத்தையே சொந்த ஊராகக் கொண்டவர்களிடமிருந்து ஓட்டை மட்டும் தள்ளிவைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கிரீன் கார்டில் இருக்கும் நம்மவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. குடியுரிமை பெறாதவர்கள் வீடு மாறினால் 10 நாளுக்குள் குடிவரவுத் துறைக்கு முகவரி மாற்றத்தைத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். அஞ்சலகத்தில் மட்டும் மாற்றிவிட்டால் அந்தத் துறைக்குத் தகவல் போய்ச் சேராது. குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நேர்காணல் அழைப்பு எங்கோ ஒரு காலி வீட்டின் பெட்டியில் கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அது முடியும்வரை பயணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

சரி, லிவிங்ஸ்டனில் சேர்ந்த தபால் மொன்டானாவில் இருக்கும் நம் கைக்கு எப்படி வரும்? இங்கேதான், போகிற ஊரின் தபால் நிலையத்திலேயே தபாலை வாங்கிக்கொள்ளும் ஜெனரல் டெலிவரி என்ற பழைய ஏற்பாடு கைகொடுக்கிறது. நம் பெயர், அதன்கீழ் 'ஜெனரல் டெலிவரி', பிறகு ஊர், மாநிலம், ஜிப் எண். அவ்வளவுதான் முகவரி. தபால் நிலையத்தில் பொதுவாக 30 நாள் வரை வைத்திருப்பார்கள். புகைப்பட அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது. பெரிய நகரமென்றால் எல்லாக் கிளைகளிலும் இந்த வசதி இருக்காது, எந்தக் கிளை என்று முன்னதாகவே போனில் கேட்டுவிடுங்கள். உறைமேல் '30 நாள் வைத்திருக்கவும்' என்று எழுதச் சொல்வது நல்லது. தனியார் கூரியரில் வரும் பொருளுக்கு இதை நம்ப வேண்டாம். மாத்திரைகளையும் இப்படி வரவழைக்காதீர்கள், முக்கியமாக இன்சுலினை. வெயிலில் கிடந்தால் கெட்டுவிடும். நாடெங்கும் கிளையுள்ள மருந்துக் கடையில் மருந்துச்சீட்டைப் பதிந்துவைத்தால் பெரும்பாலான மருந்துகளைப் போகிற ஊரிலேயே வாங்கலாம்.

வாக்குச்சீட்டுக்கும் ஜெனரல் டெலிவரி உதவும். எங்கள் டெக்சாஸில், ஊரில் இல்லை என்ற காரணத்தைச் சொல்லித் தபால் ஓட்டுக் கேட்டால், வாக்குச்சீட்டைச் சொந்தக் கவுண்டிக்கு வெளியேயுள்ள முகவரிக்குத்தான் அனுப்புவார்கள். என் கணவரின் வாக்குச்சீட்டு ஒரு மலையூருக்கு ஜெனரல் டெலிவரியில் வந்தது. அங்கே தபால் நிலையத்தில் ஒரே ஓர் அம்மாள்தான் வேலை. வண்டியில் வாழ்கிறோம் என்று சொன்னதும், "மதியம் மூடிவிடுவேன், அதற்குள் வந்துவிடுங்கள்" என்று அக்கறையாகச் சொல்லி அனுப்பினார்.

ஏன் மதியமே மூடுகிறார் என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2011இல் அஞ்சல் துறை சுமார் 3,700 நிலையங்களை மூடலாமா என்று ஆராய்ந்தது. மக்கள் எதிர்த்ததால் 2012இல் அதைக் கைவிட்டு, சுமார் 13,000 சிற்றூர் நிலையங்களின் நேரத்தை நாளுக்கு இரண்டு, நான்கு அல்லது ஆறு மணி நேரமாகக் குறைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. நிலையான முகவரி இல்லாதவர்கள் நம்பியிருப்பது இப்படிப்பட்ட நிலையங்களைத்தான். எங்களைப் போல விரும்பி வண்டியில் வாழ்கிறவர்கள் மட்டுமல்ல, வீடில்லாதவர்களும், பருவத்துக்குப் பருவம் பழம் பறிக்க ஊர் ஊராகப் போகும் தொழிலாளர்களும் அங்கேதான் கடிதம் வாங்குகிறார்கள்.

ஒரு தபால் நிலையத்தை மூடுவதற்குமுன் 60 நாள் அறிவிப்புத் தந்து மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். போகிற வழியில் அப்படியொரு அறிவிப்பு ஒட்டியிருந்தால், ஆர்.வி.யில் சுற்றும் நம் வாசகர்கள் நாம் இந்த ஊர்க்காரர் இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். ஜெனரல் டெலிவரியில் தபால் வாங்குகிறவர் என்று குறிப்பிட்டு உங்கள் கருத்தை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
டெக்சாஸ்