சனி இரவுப் படம்: பேய் வீடு, புதியதும் பழையதும்

வணக்கம் நண்பர்களே,

இந்தச் சனி மாலை 6.30க்கு வெள்ளவத்தையில் எங்கள் மேல்மாடியில் 'தி ஹோன்டிங்' பார்க்கிறோம். 1999இல் ஜான் டி பொன்ட் மறுபடி எடுத்தது. மூலப்படம் 1963இல் ரொபர்ட் வைஸ் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இரண்டுக்கும் அடி ஷேர்லி ஜாக்சனின் 1959 நாவல்.

நான் இரண்டையும் பார்த்துவிட்டேன். பழையதில் பேய் ஒரு தடவைகூடக் கண்ணுக்குத் தெரியாது. சுவருக்கு அப்பால் இடிக்கிற சத்தம், அப்புறம் மூடிய மரக்கதவு மெல்ல உள்நோக்கி உப்பி வரும். அவ்வளவுதான். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. புதியதில் செதுக்கிய குழந்தை முகங்கள் அசைகின்றன, கட்டிலே ஆளைப் பிடிக்கிறது. எல்லாம் கணினி வேலை. எல்லாவற்றையும் காட்டியதால் பயம் குறைந்துவிட்டது என்பது என் எண்ணம். ஆனால் அந்த வீட்டின் உள் அலங்காரம் பிரமாதம், அதைப் பெரிய திரையில்தான் பார்க்க வேண்டும்.

முடிந்தவர்கள் பழையதை வீட்டில் பார்த்துவிட்டு வாருங்கள். பேச நிறைய இருக்கும்.

கடற்கரைப் பக்க யன்னல்களைச் சாத்திவிடுவோம், ரயில் போனால் மெல்லிய சத்தங்கள் கேட்காது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வரவேண்டாம். ரோல்ஸும் பிளேன்டீயும் நான் பார்க்கிறேன். எத்தனை பேர் என்று வெள்ளி இரவுக்குள் இங்கேயே சொல்லுங்கள்.