காம்போ மடுவுக்குப் போய் வந்தோம்

அன்புள்ள வேலு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஊரில் இல்லை, அதனால்தான் பதில் போடவில்லை. முழங்காலுக்கு இன்னும் எண்ணெய்தான் தடவிக்கொண்டிருக்கிறாய் என்று எழுதியிருந்தாய். உன் பிடிவாதம் தெரியும், ஆனாலும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடு. இங்கே எல்லோரும் சுகம்.

பேத்திக்குப் பள்ளியில் 'வால்ட்சிங் மட்டில்டா' என்ற ஆஸ்திரேலிய நாட்டுப்புறப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு மாதமாக வீட்டில் வேறு பாட்டே கிடையாது. அந்தப் பாட்டில் வருகிற குட்டை என்று சொல்லப்படும் காம்போ மடுவை லீவில் காட்டுகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். அப்புறம் விடுவாளா? டவுன்ஸ்வில்லிலிருந்து வின்டனுக்கு 600 கி.மீ. அங்கே ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் கைனூனா சாலையில் இன்னும் 150 கி.மீ. போனோம். நெடுஞ்சாலையை விட்டு மண்பாதையில் இறங்கி வண்டியை நிறுத்திவிட்டால் மிச்சம் நடைதான். போக வர 2.6 கி.மீ., உன் முழங்காலுக்கே தாங்கும். ஈக்களைத்தான் தாங்க முடியாது. கண்ணோரம், மூக்கு, உதடு என்று எங்கும் உட்காருகின்றன. வலைத் தொப்பி வாங்கலாம் என்ற பேத்தியிடம் வீண் செலவு என்று சொன்னவன் நான். வழியெல்லாம் அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டே வந்தாள்.

பாட்டு உனக்குத் தெரிந்திருக்காது. மட்டில்டா பெண்ணின் பெயர் என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். அது முதுகில் கட்டிக்கொள்ளும் மூட்டை. மூட்டையோடு வேலை தேடி ஊர் ஊராக நடக்கும் ஒருவன், குளக்கரையில் கூலிபா என்ற யூகலிப்டஸ் மரத்தடியில் தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறான். தண்ணீர் குடிக்க வந்த ஆட்டைப் பிடித்துச் சோற்றுப் பையில் திணித்துக்கொள்கிறான். பண்ணைக்காரர் குதிரையில் வருகிறார், கூடவே மூன்று போலீஸ்காரர்கள். பிடிபடுவதைவிட மேல் என்று அவன் தண்ணீரில் குதித்துச் செத்துப்போகிறான். இன்றைக்கும் அங்கே அவன் ஆவியின் குரல் கேட்குமாம். இவ்வளவுதான் கதை. 1977ல் எது தேசியப் பாடலாக வேண்டும் என்று நாடு முழுக்க வாக்கெடுத்தபோது இதற்கு இரண்டாம் இடம். ஆடு திருடியவன் பாட்டுக்கு!

எழுதியவர் பாஞ்சோ பேட்டர்சன், சிட்னி வக்கீல். 1895ல் பக்கத்து டாக்வொர்த் பண்ணைக்கு வந்திருந்தபோது, பண்ணை வீட்டுப் பெண் கிறிஸ்டினா மெக்பெர்சன் எங்கோ கேட்ட மெட்டு ஒன்றை வாசிக்க, இவர் அதற்குச் சொல் போட்டார். அதற்கு முந்தைய வருஷம்தான் கம்பளி கத்தரிப்பவர்களின் வேலைநிறுத்தம். செப்டம்பரில் டாக்வொர்த்தின் கத்தரிப்புக் கொட்டகையைக் கொளுத்திவிட்டார்கள். உள்ளே இருந்த ஆட்டுக்குட்டிகளும் எரிந்து போயின. அதையடுத்து ஹாஃப்மைஸ்டர் என்ற தொழிலாளி துப்பாக்கிக் குண்டு பட்டுச் செத்துக் கிடந்தார். ஆனால் கிடந்தது இங்கே இல்லை, கைனூனா பக்கம் வேறொரு குட்டையருகே. பேட்டர்சன் தண்ணீரை இங்கிருந்தும் சாவை அங்கிருந்தும் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. இது என் ஊகம், வைத்துக்கொள்.

உனக்கு நான் எழுத நினைத்தது வேறு. இது டயமன்டினா ஆற்றின் ஒரு மடு. மழைக்குத்தான் ஆறு ஓடும், அதுவும் கடலுக்குப் போகாது, உள்நாட்டுப் பாலைக்குப் போகும். மற்ற நாளில் மடு மடுவாகத் தேங்கி நிற்கும். நாங்கள் போனபோது பால் விட்ட டீ நிறத்தில் அசையாமல் கிடந்தது. அந்தத் தண்ணீர் வீணாகப் போகாமலிருக்க 1880களில் ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கல் பாவியிருக்கிறார்கள். நம் தாம்போதிதான். பாதையும் அதன் மேலேயேதான் போகிறது. வெள்ளம் வந்தால் மேலே வழிந்து போகும், வடிந்தால் பின்னால் தேங்கும். நீ இருபது வருஷம் பொதுப்பணித் துறையில் கலிங்கு கலிங்காகத் தட்டிப் பார்த்தவனாயிற்றே, உன் ஞாபகம் வராமல் இருக்குமா? குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். கல்லோடு கல்லை நெருக்கி, இடுக்கில் சில்லு செருகி, விரல் நுழைய இடமில்லை. கட்டியவர்கள் சீனக் கூலிகள். பாட்டில் பண்ணைக்காரர் வருகிறார், போலீஸ் வருகிறது, ஆடுகூட வருகிறது. இவர்கள் வரவில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

கரையெல்லாம் கூலிபா மரங்கள். அடியில் கருத்துச் சொரசொரவென்று இருக்கும் பட்டை மேலே போகப் போக வெளுத்து வழுவழுவென்று ஆகிவிடுகிறது. அதில் ஒன்றின் கீழே உட்கார்ந்து பிளாஸ்க் காப்பி குடித்தோம். அவ்வளவு நாள் பாடியவள் அங்கே வந்ததும் வாயே திறக்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தாத்தா, பைக்குள்ளே ஆடு இருந்ததே, அதுவும் செத்துப்போச்சா?" என்றாள். நூற்று முப்பது வருஷமாகப் பாடுகிறவர்கள் யாராவது அதைக் கேட்டார்களோ என்னவோ. பை அவிழ்ந்து நீந்திப் போயிருக்கும் என்றேன். நம்பவில்லை.

அந்தக் கல் வேலையின் போட்டோ நாலைந்து இத்துடன் இருக்கிறது. பார்த்துவிட்டு உன் அபிப்பிராயம் எழுது. எக்ஸ்ரேயில் என்ன வந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுது.

அன்புடன்,
சேது