நான்கு பழைய கதைகள், ஒரு தொகுப்பு நூல்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

கணவன் அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை, சோற்றுக்கும் துணிக்கும் குறைவில்லை. இருந்தும் மனைவிக்கு மூச்சு முட்டுகிறது. இதை எழுதிய நான்கு பழைய சிறுகதைகளை வெட்டாமல் குறைக்காமல் ஒரே நூலாக அச்சிட்டு, திருகோணமலை மாவட்டத்துப் பெண்கள் வாசிப்பு வட்டங்களுக்கும் நூலகங்களுக்கும் இலவசமாகக் கொடுக்க இருக்கிறோம். 500 பிரதிகள், மொத்தச் செலவு 300,000 ரூபா.

முதல் கதை கேட் ஷோபன் 1894இல் எழுதிய 'ஒரு மணிநேரத்தின் கதை'. ரயில் விபத்தில் கணவன் இறந்ததாகச் செய்தி வருகிறது. லூயிஸ் அழுது முடித்து, தனியே அறைக்குள் போய், திறந்த யன்னல் முன் சாய்கதிரையில் அமர்கிறாள். வெளியே துளிர்த்த மரங்கள், குருவிகளின் சத்தம், மேகத்துக்கிடையே நீல வானம். கணவன் தன்னை அன்பாகவே பார்த்தவன் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் இனி வரும் வருடங்கள் தனக்கே சொந்தம் என்ற நினைப்பு மெல்ல ஊறி வருகிறது. கதையைச் சுருக்குகிறவர்கள் முதலில் கை வைப்பது இந்த யன்னலில்தான். "அங்கே ஒன்றும் நடக்கவில்லையே" என்பார்கள். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கடைசி வரித் திடுக்கிடல் மட்டும்.

சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'மஞ்சள் சுவர்த்தாள்' 1892இல் வந்தது. கணவன் வைத்தியர், அவருடைய அக்கறையே பூட்டாகிறது. யன்னலுக்குக் கம்பி, தரையோடு ஆணியடித்த கட்டில், எழுதத் தடை. மனைவி ஒளித்து எழுதும் குறிப்புகளே கதை என்பதால் பந்திகள் துண்டு துண்டாக இருக்கும். பக்கத்தை மிச்சம் பிடிக்க அவற்றை ஒன்றாகச் சேர்ப்பது அச்சகங்களில் வழக்கம். இங்கே அப்படிச் செய்தால் அவள் பதற்றம் காணாமற் போகும். எனவே பக்கம் கூடினாலும் பரவாயில்லை என்று முடிவெடுத்தோம்.

தாகூரின் 'மனைவியின் கடிதம்' (1914) கதையில் மிருணாள், பதினைந்து வருட இல்லறத்துக்குப் பிறகு புரி நகரிலிருந்து கணவனுக்கு முதன்முதலாக எழுதுகிறாள். இதை ஆங்கில வழியில் அல்லாமல் நேரே வங்காளத்திலிருந்து பெயர்ப்பிக்கிறோம். அதற்குச் செலவு கூட. நான்காவது புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' (1943). மன்னித்து ஏற்ற கணவனோடு வாழ்ந்தும் அகலிகை திரும்பக் கல்லாகிறாள். முகப்பில், திருகோணமலையில் பிறந்த த. சரவணமுத்துப்பிள்ளை பெண் விடுதலையைப் பாடிய 'தத்தை விடு தூது' நூலிலிருந்து சில பாடல்கள் வரும். அதுவும் 1892ஆம் ஆண்டு நூல்தான். நம்மூர் ஒன்றும் பிந்தி நிற்கவில்லை.

நால்வரும் காலமாகி 70 ஆண்டு கடந்துவிட்டதால் மூலங்களுக்கு உரிமைத்தொகை இல்லை. வாழும் எழுத்தாளர்களின் கதைகளுக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும் என்பதால் இம்முறை சேர்க்கவில்லை.

நூல் டெமி அளவில் 96 பக்கம், அதாவது 16 பக்கப் பாரம் (ஒரே தாளில் அச்சாகி மடியும் தொகுதி) ஆறு. எழுத்து 13 புள்ளி. மாலை வெளிச்சத்தில் சத்தமாக வாசிக்க அதற்குக் குறைந்தால் சரிவராது. பசைக் கட்டு மலிவு. ஆனால் கைமாறி விரித்துப் பிடிக்கும் நூலில் முதுகு பிளந்து நடுப்பக்கங்கள் கழன்றுவிடும். கடற்காற்றின் ஈரம் அதை விரைவுபடுத்தும். ஆகவே தையல் கட்டு. கடதாசியின் இழை முதுகுக்கு இணையாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் மாரியில் பக்கங்கள் நெளியும். ஐப்பசி மழைக்கு முன் அச்சை முடிக்க அவசரப்படுவதும் இதனால்தான். பாமினி எழுத்துருவில் தட்டியதை யுனிகோடுக்கு மாற்றும்போது 'கௌரவம்' என்பதன் ஔகாரக் குறி 'ள' எழுத்தாகிவிடும். கண்ணுக்குத் தெரியாது, தேடினால் அகப்படாது. எனவே ஒப்புநோக்கலுக்கு இரண்டு பேர்.

மூதூர், சம்பூர், கிண்ணியா, தம்பலகாமம், நிலாவெளி, குச்சவெளி, வெருகல் பகுதிகளில் 15 வட்டங்கள், வட்டத்துக்கு 20 பிரதி. நூலகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் 150. மீதி 50 சட்டப்படி அரசுக்கு ஒப்படைக்கவும் கிழிந்தவற்றுக்கு மாற்றாகவும். ஷோபனின் கதையை ஒரே இருப்பில் இரண்டு தரம் வாசிக்கலாம். கில்மனுக்கு இரண்டு அமர்வு வேண்டும். பின்னேரம் மூன்று முதல் ஐந்து மணி வரை, பாலர் பாடசாலை மண்டபத்தில். வீடுகளில் வைத்தால் வீட்டுக்காரி தேத்தண்ணி போட்டே பொழுதைக் கழிப்பார். இந்தக் கதைகளுக்கு அது பொருத்தமில்லை. "உங்கட வீட்டில எப்படி?" என்று யாரையும் கேட்கக்கூடாது என்பது வட்டத்தின் விதி. கேட்டால் அடுத்த முறை பாதிப்பேர் வரமாட்டார்கள்.

அச்சு, கடதாசி, கட்டு 190,000. மொழிபெயர்ப்பு, எழுத்தமைப்பு, ஒப்புநோக்கல் 60,000. மண்டபம், தேநீர், போக்குவரத்து 50,000. பிரதி ஒன்றுக்கு 600 ரூபா, ஒரு வட்டத்தை முழுதாகப் பொறுப்பேற்க 12,000. சிறு தொகையும் மனமுவந்து ஏற்கப்படும். கடதாசியாகவோ மண்டபமாகவோ தந்தாலும் பெறுமதியிட்டுக் கணக்கில் சேர்ப்போம். நூலில் நன்கொடையாளர் பட்டியல் இராது. பெயரோடு கொடுக்கத் தயங்கும் பெண்கள் உண்டு. காசைக் கையில் கொடுப்பவர்கள் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு இல்லாமல் திரும்ப வேண்டாம். வரவு செலவு விபரம் நூல்கள் போய்ச் சேரும் ஒவ்வொரு வட்டத்திலும் ஒட்டப்படும். தொகை மிஞ்சினால் கூடுதல் பிரதிகளாகும். 150,000 ரூபாவும் சேராவிட்டால் அச்சுக்குப் போகாமல் கொடுத்தவர்களிடமே திருப்பித் தருவோம்.

இவ்வண்ணம்,
தொகுப்பு நூல் வெளியீட்டுக் குழு,
திருகோணமலை