பாலைக்குத் தனியாகப் போகிற மகளுக்கு

அன்புள்ள தேன்மொழி,

கலிபோர்னியா பாலைவனத்துக்கு நீ போட்டு அனுப்பிய நான்கு நாள் திட்டத்தைப் படித்தேன். அப்பாவிடமும் காட்டினேன். "இது ஓய்வுக்குப் போகிற மாதிரியா இருக்கு, ஆடிட்டுக்குப் போகிற மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. வெள்ளிக்கிழமை ஒரே நாளில் ரயன் மவுண்டன், பார்க்கர் டேம், ஸ்கல் ராக், மூன்று மணிக்கு மசாஜ், ஐந்து மணிக்கு வெந்நீர்க் குளம். படிக்கிற எனக்கே மூச்சு வாங்கியது.

தனியாகப் போகாதே என்று சொல்லப்போகிறேன் என்று நினைத்து இதைப் பாதியில் மூடிவிடாதே. போ. இன்னொருவரின் பசிக்கும் தூக்கத்துக்கும் சலிப்புக்கும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லாமல் நான்கு நாள் கிடைப்பது பெரிய விஷயம். உன் வயதில் எனக்கு அப்படி நான்கு மணி நேரம்கூடக் கிடைத்ததில்லை. எனக்குச் சண்டை உன் திட்டத்தோடுதான். நீ வரைபடத்தைப் பார்த்து, எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதை அதன் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அங்கே வெயிலைப் பார்த்துத்தான் நேரத்தைப் பிரிக்க வேண்டும். பள்ளியில் படித்தது ஞாபகம் இருக்கிறதா, பாலைக்குரிய பொழுது நண்பகல் என்று? கவிதைக்கு அது சரி. நீ அந்த நண்பகலில் கூரைக்குக் கீழே இரு.

மார்ச் மாதத்தைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் அந்தப் பக்கம் நடக்கிற காலம். பாம் ஸ்பிரிங்ஸில் 2024 ஜூலை 5ஆம் தேதி 124 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த ஊரின் வரலாற்றிலேயே அதுதான் உச்சம். ஜூலையில் தள்ளுபடி விலையில் அறை கிடைக்கிறதென்று யாராவது சொன்னால், ஏன் தள்ளுபடி என்று யோசி. ஒருவேளை தேதியைத் தள்ளிப்போட நேர்ந்தால் ஏப்ரலில் கோச்செல்லா இசைவிழா நடக்கும் அந்த இரண்டு வார இறுதிகளை மட்டும் தவிர்த்துவிடு. அறை வாடகையும் கூட்டமும் தாங்காது.

இப்போது நீ செய்திருப்பது, பாம் ஸ்பிரிங்ஸ் பக்கத்துப் பள்ளத்தாக்கில் தங்கிக்கொண்டு தினமும் மலைமேல் இருக்கிற ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்கு ஒரு மணி நேரம் ஏறி, ஒரு மணி நேரம் இறங்குவது. அதை இரண்டாகப் பிரித்துவிடு. முதல் இரண்டு இரவு மேலே, பூங்காவின் வாசலுக்குப் பக்கத்தில். அடுத்த இரண்டு இரவு கீழே, வெந்நீர் ஊற்று இருக்கிற இடத்தில். நடையை முதலில் முடித்துக்கொள், குளியலும் மசாஜும் பின்னால் வரட்டும். கால் வலியோடு மசாஜ் மேசையில் போய்ப் படுக்கலாம். மசாஜ் முடிந்து துவண்ட காலோடு மலை ஏற முடியாது.

ரயன் மவுண்டனை வைத்துக்கொள், ஆனால் விடிந்ததும் கிளம்பு. போய்வர 5 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் ஏற்றம் மட்டும் 1,000 அடிக்கு மேல், வழியில் நிழலே கிடையாது. எட்டு மணிக்குள் உச்சியில் இருந்தால் ஒன்பதரைக்கெல்லாம் காருக்குத் திரும்பிவிடலாம். அன்றைய நடை அத்தோடு முடிந்தது. மறுநாள் ஹிடன் வேலி. ஒன்றரை கிலோமீட்டர் சுற்று, நான்கு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் மைதானம். நாம் சேர்ந்து போனபோது அப்பா காரில் உட்கார்ந்திருந்தாரே, அதே இடம். அங்கே நடக்கவே வேண்டாம், ஒரு பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாலே போதும். மாலையில் கீஸ் வியூவுக்குக் காரிலேயே ஏறிப் போய்விடலாம். 5,000 அடிக்கு மேலே நின்று பார்த்தால் கீழே பள்ளத்தாக்கும், அதன் நடுவே சான் ஆண்ட்ரியாஸ் என்ற நிலநடுக்கப் பிளவின் கோடும் தெரியும். அந்தப் பிளவை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள், பின்னால் அதற்கு வருகிறேன்.

அப்புறம் சீப்பு. சிரிக்காதே. பல் அகலமான பிளாஸ்டிக் சீப்பு ஒன்றும், ஒரு ட்வீசரும் பையின் வெளி அறையில் இருக்கட்டும். பூங்காவின் சோயா (Cholla) கள்ளித் தோட்டத்தில் அப்பாவின் பேண்ட்டில் ஒரு முள்ளுருண்டை ஒட்டிக்கொண்டதே, அதைக் கையால் பிடுங்கப் போய் விரலிலும் ஏறிக்கொண்டது. அந்தக் கள்ளி லேசாக உரசினாலே துண்டாகக் கழன்று வந்துவிடும். அதன் முள்ளில் பின்னோக்கிய செதில்கள் இருப்பதால் உள்ளே போவது சுலபம், வெளியே வருவதுதான் கஷ்டம். சீப்பை முள்ளுருண்டைக்கும் தோலுக்கும் நடுவில் செருகி, உன் உடம்பை விட்டு விலகும் பக்கமாக ஒரே தள்ளாகத் தள்ளிவிட வேண்டும். மிச்சமிருக்கிற முட்களுக்கு ட்வீசர். அன்றைக்கு இரண்டும் நம்மிடம் இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி தன் பையிலிருந்து சீப்பை எடுத்துக் கொடுத்தார். தனியாகப் போகிறவளுக்குப் பாட்டி கிடைப்பாள் என்று நம்ப முடியாது.

தண்ணீரைப் பற்றி நர்ஸாகவே பேசுகிறேன், பொறுத்துக்கொள். நடக்கிற நாளில் குறைந்தது நான்கு லிட்டர், கூட நடந்தால் அதற்கும் மேல். பூங்காவுக்குள்ளே, ஓரங்களில் இருக்கிற ஒன்றிரண்டு இடங்களைத் தவிர, தண்ணீர் கிடையாது. எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். வறண்ட காற்றில் வேர்வை வந்த இடத்திலேயே காய்ந்துவிடும். சட்டை நனையாததால், வேர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொள்வாய். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அவ்வப்போது குடி. ஆனால் வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று ஊற்றிக்கொண்டே இருந்தாலும் ஆபத்துதான், இரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். அதன் அறிகுறியும் தலைவலி, குமட்டல், குழப்பம்தான். நீர் வற்றினாலும் கிட்டத்தட்ட அதேதான். கேஷுவாலிட்டியில் இரண்டையும் பார்த்திருக்கிறேன். நீர் குறைந்துவிட்டதென்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அதனால் தண்ணீரோடு உப்புள்ள தீனி ஏதாவது கொறி, ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் பையில் இருக்கட்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர்ந்து போயிருந்தால் அன்றைய நடையை அத்தோடு நிறுத்திவிடு.

இதே காரணத்துக்காகத்தான் நடை முடிந்த கையோடு வெந்நீர்க் குளத்தில் இறங்கும் உன் வெள்ளிக்கிழமைத் திட்டத்தை அடித்தேன். நடந்து முடித்த உடம்பில் நீர் ஏற்கெனவே குறைந்திருக்கும், இரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும். அதன்மேல் 40 டிகிரி சூட்டுத் தண்ணீரில் உட்கார்ந்தால் இன்னும் விரியும். உள்ளே இருக்கும்வரை சுகமாகத்தான் இருக்கும். எழுந்திருக்கும்போதுதான் இரத்தம் எல்லாம் காலுக்கு இறங்கி, கண் இருட்டிக்கொண்டு வரும். கூட யாராவது இருந்தால் பிடிப்பார்கள். நீ இருக்கப்போவது தனியாக, அதுவும் ஈரக்கல் தரையில். நடைக்கும் குளத்துக்கும் நடுவில் சாப்பாடும் ஒரு தூக்கமும் இருக்கட்டும். கால் மணி நேரம் உட்கார்ந்தால் போதும். பிறகு விளிம்பில் ஏறி உட்கார்ந்து ஆறிக்கொள், வேண்டுமானால் மறுபடி இறங்கு. குளத்தோரம் இலவசமாக நீட்டுகிற அந்த ஷாம்பெயின் கிளாஸை அறைக்குப் போனபின் வைத்துக்கொள். வெந்நீரும் மதுவும் சேர்ந்தால் மயக்கம் இரண்டு மடங்கு.

டெசர்ட் ஹாட் ஸ்பிரிங்ஸைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு மகிழ்ச்சி. பாம் ஸ்பிரிங்ஸ் அளவுக்குப் பகட்டு கிடையாது. சின்னச் சின்ன விடுதிகள், பல இடங்களில் பெரியவர்களுக்கு மட்டும்தான் அனுமதி, சத்தமும் குறைவு. அந்த ஊருக்கு ஒரு கதை உண்டு. 1913இல் காபட் யெர்க்ஸா என்பவர் அங்கே நிலம் பிடித்துக் குடியேறினார். ஆரம்பத்தில் தண்ணீருக்கு மைல் கணக்கில் நடக்க வேண்டியிருந்ததால் கையாலேயே கிணறு தோண்டினார். வந்தது வெந்நீர். கொஞ்சம் தள்ளி இன்னொரு கிணறு தோண்டினார், அதில் குளிர்ந்த நீர். கீஸ் வியூவில் பார்த்து வைத்துக்கொள் என்றேனே அந்தப் பிளவு, அதன் கிளை ஒன்று இந்த ஊருக்குக் கீழே ஓடுகிறது. அது நிலத்தடி நீருக்கு அணை மாதிரி நிற்பதால் ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர். அவர் தன் கையால் கட்டிய பல அறை வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. மதியம் எங்கே போவது என்று தெரியாவிட்டால் அங்கே போ.

பாம் ஸ்பிரிங்ஸின் ஊற்று அகுவா கலியென்டே கவியா பழங்குடியினருக்குச் சொந்தம். அதன்மேல் அவர்கள் கட்டிய புதிய குளியலகம் 2023இல் திறந்தது. ஒரு நாள் அங்கே போகலாம், ஆனால் இரண்டு ஊரிலும் இரண்டு இரண்டு மசாஜ் என்று பதிவு செய்யாதே. ஒன்று போதும். படிவம் கொடுப்பார்கள், கீழ்முதுகு வலியையும் நீ சாப்பிடுகிற மாத்திரையையும் மறைக்காமல் எழுது. அழுத்தம் அதிகமாக இருந்தால் அந்த நிமிடமே சொல். வாயைத் திறக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிற பழக்கம் உனக்கு உண்டு, எனக்குத் தெரியும். முதல் நாள் வெயிலில் தோல் கன்றியிருந்தால் தள்ளிப்போடச் சொல். உப்பு ஸ்க்ரப் எடுப்பதாக இருந்தால் அன்று கால் ஷேவ் செய்யாதே, எரிச்சலில் துடித்துப்போவாய். பில்லில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு டிப்ஸ் கொடு.

சனிக்கிழமை மதியம் வெயில் அதிகமாக இருந்தால் பாம் ஸ்பிரிங்ஸில் மலைக்குப் போகிற ரோப் காரில் ஏறிவிடு. 2,643 அடியில் கிளம்பி 8,516 அடிக்குப் பத்து நிமிடத்தில் போய்ச் சேரும், பெட்டியின் தரை மெல்லச் சுழன்றுகொண்டே போகும். மார்ச்சில் மேலே பனிகூட இருக்கலாம், ஸ்வெட்டரை மறக்காதே. ஸ்வெட்டர் ராத்திரிக்கும் வேண்டும். ஜோஷுவா ட்ரீயின் உயரத்தில் சூரியன் மறைந்தவுடன் குளிர் சட்டென்று இறங்கும். 2017இல் அந்தப் பூங்கா, நட்சத்திரம் நன்றாகத் தெரிகிற இருள்வானப் பூங்காவாக அங்கீகாரம் பெற்றது, அதனால் ஒரு ராத்திரியாவது போனை அணைத்துவிட்டு வெளியே உட்கார். சிவப்பு வெளிச்சம் வரும் டார்ச் இருந்தால் கண் கூசாது.

இனி நான் நிஜமாகவே கவலைப்படுகிற விஷயம். பூங்காவின் பெரும்பகுதியில் போன் சிக்னல் இல்லை. வரைபடத்தை முன்னாலேயே போனில் இறக்கிவைத்துக்கொள். உள்ளே பெட்ரோல் பங்க் கிடையாது, டேங்கை நிரப்பிவிட்டுப் போ. உன் ஐபோன் 14க்குப் பிறகு வந்தது என்பதால் சிக்னல் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாக அவசர உதவி கேட்கலாம், அதில் சோதித்துப் பார்க்கிற வசதி இருக்கிறது, கிளம்புமுன் ஒரு முறை செய்து பழகு. நடக்கும்போது வழி தப்பிவிட்டதென்று தோன்றினால், குறுக்கு வழி தேடாமல் வந்த வழியே திரும்பு. கார் மக்கர் செய்தால் அதை விட்டுவிட்டு நடக்காதே. தேடுகிறவர்கள் கண்ணுக்கு ஆளைவிடக் கார்தான் முதலில் படும். வறண்ட ஓடைகளில் உட்கார்ந்து இளைப்பாறாதே, தூரத்து மலையில் பெய்கிற மழை இங்கே வெள்ளமாக வரும். பாறை இடுக்கில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை வைக்காதே, பாம்புகள் வெளியே வரத் தொடங்குகிற காலம்.

தினமும் பேசு என்று கேட்க மாட்டேன். காலையில் கிளம்புமுன் ஒரு செய்தி: எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவாய். திரும்பியதும் 'வந்தாச்சு' என்று ஒரு வார்த்தை. சொன்ன நேரத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் ஆனால், நான் முதலில் உன் விடுதிக்குப் போன் செய்வேன், அடுத்தது பூங்கா ரேஞ்சர்களுக்கு. இடையில் அழுது ஆர்ப்பாட்டம் செய்ய மாட்டேன், அப்பாவையும் செய்ய விட மாட்டேன். உனக்கும் எனக்கும் நேர வித்தியாசம் இருப்பதால், அந்தச் செய்தியை உன் தோழி ஒருத்திக்கும் சேர்த்து அனுப்பு. நான் தூங்கிக்கொண்டிருந்தாலும் அவள் விழித்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமையை ஒன்றும் எழுதாமல் விடு. விடுதியில் காலையில் மெதுவாக எழுந்து, பத்து மணிக்குள் ஒரு முறை குளத்தில் இறங்கி, சாப்பிட்டு, திரும்பு. சாயங்காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் போகிற சாலை நெரிசலாகிவிடும், அதனால் மதியத்துக்கு முன்பே கிளம்பிவிட்டால் நல்லது.

திருத்திய திட்டத்தை அனுப்பு. விடுதிகளின் தொலைபேசி எண், கார் நம்பர், அந்தத் தோழியின் எண், மூன்றும் அதில் இருக்கட்டும். இந்தத் தடவை அப்பாவிடம் காட்டாமலேயே சரி சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா